கடிகாரம் காத்திருந்தது

மணி இரண்டு. பேருந்து கிளம்பவில்லை.

நிலையத்து டீக்கடைக்காரர் தன் சுவர்க் கடிகாரத்தைச் சந்தேகத்தோடு பார்த்தார். ஸ்டூல் போட்டு ஏறி, அதை இறக்கி, காதில் வைத்துக் கேட்டார். ஒழுங்காகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. அப்படியென்றால் கோளாறு பேருந்தில்தான்.

அவரைக் குறை சொல்ல முடியாது. அந்த வண்டியை ஓட்டுகிறவளுக்கு அந்தத் தடம் முழுக்கப் பெயரே 'கடிகாரம்'. இந்தப் பக்கம் நகரம், அந்தப் பக்கம் அவள் வீடு இருக்கிற சிற்றூர், நடுவில் மலை. காலையில் மலையேறி இறங்கி நகரத்துக்கு வருவாள். இரண்டு மணிக்குத் திரும்புவாள். ஒன்பது வருடமாக இதுதான். அவள் வண்டி வருவதைப் பார்த்து அடுப்பு மூட்டுகிறவர்கள் உண்டு. துணி எடுக்கிறவர்கள் உண்டு. மாத்திரை போடுகிறவர்கள்கூட உண்டு.

யாருக்காகவும் அவள் நின்றதில்லை. கையைக் காலை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தாலும் சரி, 'நில்லும்மா, நில்லும்மா' என்று தொண்டை கிழியக் கத்தினாலும் சரி. பக்கக் கண்ணாடியில் அவர்கள் சிறுத்துச் சிறுத்துப் புள்ளியாவார்கள். அவ்வளவுதான்.

அவள்தான் இன்று சாவியைக்கூடத் திருகாமல் உட்கார்ந்திருந்தாள்.

கண்டக்டர் டபுள் விசில் கொடுத்தான். வண்டி அசையவில்லை. படியிலிருந்து இறங்கி முன்பக்கம் ஓடிவந்தான். அவனுக்குப் பட்டப்பெயர் 'சில்லறை'. அவனிடம் இல்லாத பொருளின் பெயரையே அவனுக்கு வைத்திருந்தார்கள்.

"அக்கா, விசில் கேக்கலியா?"

"கேட்டுது."

"உடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கேன்."

"அப்ப எனக்குத்தான் சரியில்ல போல" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். பிறகுதான் அவனுக்கு உறைத்தது. குரலைத் தாழ்த்தினான். "மாமா இன்னும் வரலியா?"

அவள் கண் முழுக்க நிலையத்தின் வாசலில் இருந்தது.

அன்றைக்கு அந்த வருடத்தின் கடைசி வண்டி. மலையுச்சிக்குக் கீழே ஒரு கேட் இருக்கிறது. இந்த வண்டி ஏறிப் போனதும் அதை மூடிப் பூட்டிவிடுவார்கள். பிறகு பனி உருகி, பாதையில் மிஞ்சியதைச் சுரண்டி எடுத்து, வசந்தம் வந்தால்தான் திறப்பார்கள். அதுவரை அந்தப் பக்கத்தில் இருப்பவர்கள் அந்தப் பக்கம், இந்தப் பக்கத்தில் இருப்பவர்கள் இந்தப் பக்கம். அவள் வீட்டுக்காரர் இந்த வண்டியில் ஏறாவிட்டால், இந்தக் குளிர்காலமும் அவர் இல்லாத குளிர்காலம்.

இந்தக் குளிர்காலமும். அந்த 'உம்'தான் அவள் நெஞ்சில் முள்ளாக இருந்தது.

அவர் டைல்ஸ் மேஸ்திரி. நகரத்தைத் தாண்டி இன்னும் அரைநாள் தூரத்தில், வானம் தொடுகிற கட்டடங்களுக்குத் தரை போடுகிறவர். வெயில் காலம் முழுக்க அங்கே வேலை. பனிக் காலம் முழுக்க வீட்டில். நேரத்துக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம். தன் கல்யாணத்துக்கே தாமதமாக வந்துவிட்டு, "எப்படியும் நான் இல்லாம ஆரம்பிக்க மாட்டீங்கன்னு தெரியும்" என்று சிரித்த ஆள்.

போன வருடக் கடைசி வண்டியின்போதும் தாமதமாகத்தான் வந்தார். அன்று அவள் சரியாக இரண்டு மணிக்கு வண்டியை எடுத்தாள். வளைவில் திரும்பும்போது பக்கக் கண்ணாடியில், முதுகில் பையோடு யாரோ ஓடிவருவது தெரிந்தது. பனித் தூறல். முகம் தெரியவில்லை. தினமும் யாராவது ஓடி வருகிறார்கள்தானே? அவள் கியரை மாற்றினாள். சாயங்காலம் வீடு சேர்ந்து, போன் வந்த பிறகுதான் அந்தப் புள்ளி யாரென்று தெரிந்தது.

அவர் கோபப்படவே இல்லை. "தப்பு என்னோடதுதான். கடிகாரத்தைக் கட்டிக்கிட்டு கையக் காலை ஆட்டுனா நிக்குமா?" என்று போனில் சிரித்தார். வசந்தத்தில் வந்தார். எட்டு நாள் இருந்துவிட்டு, அடுத்த வேலைக்குப் போய்விட்டார்.

மன்னிக்காதது மகள்தான். பதினோரு வயது. அன்று காலைகூட, பேருந்துக்குக் கிளம்பிய அம்மாவை வாசலில் மறித்தாள்.

"இன்னிக்காவது அப்பாவ ஏத்திட்டு வருவியா? இல்ல, மணி ஆச்சுன்னு விட்டுட்டு வருவியா?"

"நேரத்துக்கு வந்தா ஏத்திட்டு வரப்போறேன்."

"அவர் என்னிக்கு நேரத்துக்கு வந்திருக்கார்? என் பொறந்தநாளுக்கே மறுநாள்தான் வந்தார்."

"அப்ப அதை உங்கப்பாவத்தான் கேக்கணும்."

"உன்னத்தான் கேக்கறேன். அவர் லேட்டா வருவார்னு ஊருக்கே தெரியும். உனக்குத் தெரியாதா?"

மாடி வீட்டு அத்தை படியில் நின்று, "வாயப் பாரு, நீட்டினா மலைக்கு அந்தப் பக்கத்துக்கே பாலம் போட்டுரலாம்" என்றாள். அவள் சிரிக்கவில்லை. குழந்தை கேட்டதில் தப்பு எங்கே இருக்கிறது?

போனை எடுத்து மறுபடி அடித்தாள். தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறாராம். காலையிலிருந்து அதே குரல், அதே பல்லவி.

"யம்மா, டிரைவரம்மா" என்று உள்ளேயிருந்து ஒரு குரல் அதட்டியது. வக்கீல். மூன்றாவது இருக்கையில், மடியில் தோல் பையோடு. "கேட் நாலு மணிக்கு மூடிடுவாங்க. தெரியும்ல?"

"தெரியும் சார்."

"பின்ன எதுக்காக வெயிட் பண்றோம்?"

"சமவெளியிலிருந்து ஒரு வண்டி வரணும். அது வந்ததும் எடுத்துடறேன்."

அது பொய்யில்லை. அவர் வரவேண்டிய வண்டி அது. வழியில் எங்கோ மாட்டிக்கொண்டு, கால் மணி நேரம் தாமதமாக நிலையத்துக்குள் நுழைந்தது. அவள் ஸ்டீயரிங்கின் மேல் குனிந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். குழந்தையைத் தோளில் போட்ட ஒருத்தி. கிடார் வைத்திருந்த ஒரு பையன். நான்கு மூட்டையோடு ஒரு கிழவர். பிறகு அந்த வண்டியின் கண்டக்டர். பிறகு டிரைவர்.

பிறகு யாருமில்லை.

அவள் சாவியைத் திருகினாள்.

*

ஒரு பேருந்து நிறைய மனிதர்கள் இருக்கும்போது அதன் டிரைவர் தனியாக இருக்கிறாள் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். ஓட்டிப் பார்த்தால் தெரியும். முதுகுக்குப் பின்னால் ஊரே பேசிக்கொண்டு வரும். உனக்கென்று ஒரு வார்த்தை இருக்காது. தலைக்கு மேலே பலகை வேறு: 'ஓட்டுநருடன் பேசாதீர்.' அவளுக்கு வாய்த்ததெல்லாம் உள்ளே இருக்கிற அந்த நீளக் கண்ணாடி. அதில்தான் ஒன்பது வருடமாக மற்றவர்களின் குடும்பங்களைப் பார்த்திருக்கிறாள். கோடையில் ஜன்னல் சீட்டுக்குச் சண்டை போடும் பிள்ளைகள். மழைக்காலத்தில் ஒழுகும் ஜன்னலுக்குத் தன் கைக்குட்டையைச் செருகிவிட்டு, நனைந்த தோளோடு உட்கார்ந்திருக்கும் அப்பாக்கள். இலை உதிர்கிற மாதத்தில் கொத்துக் கொத்தாக ஏறும் புதுமணத் தம்பதிகள். பாதி மலையிலேயே அவர்களுடைய முதல் சண்டை.

எல்லோரும் விடுமுறையில் ஊர் சுற்றப் போவார்கள். அவர்களை ஏற்றிச் செல்கிறவளுக்கு எது விடுமுறை? அதற்கும் வீட்டுக்காரர் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். வருடத்துக்கு ஒருமுறை, மகளைக் கூட்டிக்கொண்டு, இரண்டு டிக்கெட் வாங்கி அவள் வண்டியிலேயே ஏறிவிடுவார். மூன்றாவது வரிசை, ஓரச் சீட். அங்கே உட்கார்ந்தால்தான் கண்ணாடியில் முழு முகமும் தெரியும். அதற்கு 'கண்ணாடி சீட்' என்று பெயர் வைத்திருந்தார்கள். நகரம் வரை போய், ஆளுக்கு ஒரு டீ குடித்து, அதே வண்டியில் திரும்புவார்கள். அதுதான் அந்தக் குடும்பத்தின் சுற்றுலா. பேசக் கூடாது. எனவே மகள் கண்ணாடியைப் பார்த்து நாக்கைத் துருத்துவாள். அவர் தூங்குகிற பயணிகளைப் போலவே நடித்துக் காட்டுவார். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு வளைவு திருப்புவாள். வாழ்க்கையில் அவள் செய்த பயணங்களில் அதைவிட நல்லது எதுவும் இல்லை.

இன்று கண்ணாடி சீட்டில் வக்கீல் இருந்தார். வாட்ச்சைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பாதை ஏற ஏறப் பனி வந்தது. முதலில் ஓரங்களில் சுண்ணாம்பு தடவியது போல. பிறகு மரங்களின் மேல். பிறகு காற்றில். வைப்பர் ஒரு தடவை துடைப்பதற்குள் மறு தடவை மூடியது. அவளுக்குப் போன குளிர்காலம் நினைவு வந்தது.

கேட் மூடியிருக்கும் மாதங்களில் அவள் வண்டி மலைக்கு அந்தப் பக்கத்து ஊர்களுக்குள்ளேயே ஓடும். அப்போது வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. ஊருக்குள் நுழையும் முன் மர அறுவை மில் இருக்கிற வளைவில் அவள் ஹார்ன் அடிப்பாள். ஒரு நீளம், இரண்டு குட்டை. அது கேட்டதும் வீட்டில் அவர் அடுப்பில் தண்ணீர் வைப்பார். வண்டியை விட்டுவிட்டு அவள் வீட்டுக்கு நடந்து வருவதற்குள் தண்ணீர் பதமாகச் சுட்டிருக்கும். பனிக்காலத்தில் விரல்கள் ஸ்டீயரிங்கைப் பிடித்த வடிவத்திலேயே விறைத்துப்போயிருக்கும்; அந்த நீரில் முக்கினால்தான் ஒவ்வொன்றாக விரியும். அவள் பேசினில் கைவிட்டு உட்கார்ந்திருக்க, பக்கத்தில் ஸ்டூல் போட்டு அவர் அன்றைய கதையெல்லாம் கேட்பார். யார் வாந்தி எடுத்தது, யார் சண்டை போட்டது, சில்லறை இன்று யாரை ஏமாற்றினான்.

போன குளிர்காலம் அந்த வேலையை மகள் செய்தாள். ஹார்ன் கேட்டால் தண்ணீர் வைப்பாள். ஒருநாள்கூடத் தவறவில்லை. ஆனால் ஸ்டூல் காலியாக இருக்கும். பேசினைத் தரையில் வைத்துவிட்டு அறைக்குள் போய்விடுவாள். தண்ணீர் சூடாக இருக்கும்; மகளின் முகம்தான் ஆறிப்போயிருக்கும்.

இன்னொரு குளிர்காலம் அப்படியா? வெறுங்கையோடு போய் அந்தப் பெண்ணிடம் என்ன சொல்வது? 'காத்திருந்தேன், வரவில்லை' என்றா? கடிகாரம் காத்திருந்தது என்றால் யார் நம்புவார்கள்?

*

கடைசி ஏற்றத்தின் அடியில் சங்கிலிக் கொட்டகை. பனியில் சக்கரம் வழுக்காமல் இருக்க அங்கே நிறுத்தித்தான் டயருக்குச் சங்கிலி மாட்ட வேண்டும். எந்த வண்டியும் தப்ப முடியாது.

சங்கிலிக்காரர் கம்பளியை உதறிக்கொண்டு எழுந்து வந்தார். அவர் நின்றுகொண்டே தூங்குவார், நடந்துகொண்டும் தூங்குவார் என்று தடம் முழுக்கப் பேச்சு.

"என்னம்மா இது, இல்லாத அதிசயமா லேட்டு? உன்னால எனக்குப் பொய்யன்னு பேரு வந்துருச்சு!"

"என்ன ஆச்சுண்ணே?"

"உன் வீட்டுக்காரர் வந்தாரே."

அவள் கதவைத் திறந்து குதித்தாள்.

"எங்க? எப்ப?"

"இப்பத்தான், கொஞ்ச நேரம் முன்னால. அவர் வந்த பஸ்சு லேட்டாம். ஸ்டாண்டுக்கு வந்தா உன்னப் பிடிக்க முடியாதுன்னு முன்னாலயே கிராஸ் ரோட்டுல இறங்கி, ஒரு காய்கறி வண்டியில தொத்திக்கிட்டு நேரா இங்க வந்துட்டார். 'போன வருசம் கோட்டை விட்டேன், இந்த வருசம் அவளுக்கு முன்னால போய் நின்னுடணும்'னு அதுதான் அவரோட ஐடியா."

"இங்க இல்லையே! எங்கண்ணே?"

"அதச் சொல்ல விடு. 'வண்டி போயிருச்சா'ன்னு கேட்டார். இன்னும் வரலன்னேன். நம்பினாத்தானே? மணியப் பார்த்தார். 'அண்ணே, நீங்க தூங்கியிருப்பீங்க, வண்டி சங்கிலி மாட்டிக்கிட்டுப் போயிருக்கும். சூரியன் லேட்டானாலும் ஆகும், அவ லேட்டாக மாட்டா'ன்னார். நான் கண்ண மூடவே இல்லம்மா! சத்தியமா! இன்னிக்கு மட்டும்!"

"சரிண்ணே, அப்புறம்?"

"அப்புறம் என்ன, கேட்டுல கையெழுத்துப் போட வண்டி நிக்கும்ல, அதுக்குள்ள பிடிச்சிடறேன்னு குறுக்குப் பாதையில ஏறிட்டார். போகாதீங்க, அங்க போன வாரம் ஆடே வழுக்கி விழுந்துச்சுன்னு கத்தினேன். கேக்கற ஆளா?"

சில்லறை வாயைப் பிளந்தான். "அதாவது... பின்னால வர்ற வண்டியத் துரத்திக்கிட்டு மாமா முன்னால ஓடறாரா?"

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. ஒன்பது வருடத்தில் ஒரே ஒரு நாள் அவள் அவரைப் போல இருக்கப் பார்த்தாள். அதே நாளில் அவர் அவளைப் போல இருக்கப் பார்த்திருக்கிறார். விளைவு, அந்த ஆள் நகரத்துச் செருப்போடு பனிமலையில்.

"அண்ணே, நீங்க அந்தப் பக்கம். நான் இந்தப் பக்கம்" என்று சங்கிலியை இழுத்துக்கொண்டு சக்கரத்தடியில் படுத்தாள்.

*

கேட்டுக்கு முன்னால் ஐந்து கொண்டை ஊசி வளைவுகள். சாலை மலையைச் சுற்றிச் சுற்றி ஏறும். குறுக்குப் பாதை நேராக, ஒவ்வொரு வளைவிலும் சாலையை வெட்டிக்கொண்டு ஏறும்.

முதல் வளைவு. ஹெட்லைட் வெளிச்சத்தில் பனியின் மேல் செருப்புத் தடங்கள், சாலையின் குறுக்கே. இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு. புதுத் தடங்கள்.

"போயிருக்கார்!" என்று சில்லறை கத்தினான்.

இரண்டாவது வளைவு. மறுபடி தடங்கள். இப்போது இடைவெளி குறைந்திருந்தது, கால் களைத்திருக்கிறது. ஓரிடத்தில் பனி பெரிதாகக் கலைந்திருந்தது. விழுந்து எழுந்திருக்கிறார்.

பேருந்துக்குள் பேச்சு நின்றுவிட்டது. எல்லோருக்கும் கதை தெரிந்துவிட்டது. எல்லாத் தலையும் ஜன்னலில்.

மூன்றாவது வளைவு.

வெள்ளை. துடைத்துவிட்ட பலகை போலச் சுத்தமான வெள்ளை. ஒரு தடம்கூட இல்லை.

அவள் பிரேக்கை மிதித்தாள். சங்கிலி நறநறத்து நின்றது.

"பனி மூடியிருக்குமோ?" என்றான் சில்லறை.

"கீழ ரெண்டாவதுல மூடலியே."

இரண்டாவது வளைவைத் தாண்டியிருக்கிறார். மூன்றாவதுக்கு வரவில்லை. நடுவில் எங்கோ, சரிவில்.

வக்கீல் எழுந்தார். "இங்க பாருங்க. எனக்கும் மனசு இருக்கு. ஆனா மணி நாலு ஆகப்போகுது. கேட் மூடிட்டா இத்தனை பேருக்கு யார் பொறுப்பு? எழுதிக் குடுப்பீங்களா?"

நியாயமான கேள்வி. மற்ற எந்த நாளாக இருந்தாலும் அவளே கேட்டிருக்கக்கூடிய கேள்வி. அவள் வாயைத் திறப்பதற்குள், பின்னாலிருந்த முட்டைக்காரம்மா எழுந்துவிட்டாள். மடியில் இரண்டு தட்டு முட்டையோடு ஒவ்வொரு குலுக்கலுக்கும் 'ஐயோ ஐயோ' என்று வந்துகொண்டிருந்தவள்.

"ஏன்யா, ஒரு மனுசன் பனியில கெடக்கறான், உனக்குப் பொறுப்பு வேணுமா? இந்தா, பிடி!" ஒரு தட்டை அவர் கையில் வைத்தாள். "இதான் உன் பொறுப்பு. ஒண்ணு ஒடைஞ்சாலும் விடமாட்டேன்."

வக்கீல் தட்டோடு அப்படியே உட்கார்ந்துவிட்டார். அசைய முடியவில்லை.

அவள் என்ஜினை அணைத்தாள். மலையின் அமைதி வண்டிக்குள் வந்து உட்கார்ந்தது. எப்படிக் கூப்பிடுவது? குரல் எட்டாது. பனி எல்லாச் சத்தத்தையும் தின்றுவிடும்.

கை தானாக ஹார்னுக்குப் போனது.

ஒரு நீளம். இரண்டு குட்டை.

அந்த ஹார்னை மில் வளைவைத் தவிர வேறெங்கும் அவள் அடித்ததில்லை. வீட்டுக்குள் மட்டும் கூப்பிடும் செல்லப் பெயரை நடுத்தெருவில் உரக்கக் கத்தியது போல இருந்தது. காது சூடானது. மறுபடி அடித்தாள்.

நீளம். குட்டை, குட்டை.

பதில் இல்லை. சில்லறை படியில் இறங்கி, கையைக் குவித்து, "மாமோவ்!" என்றான். மலை அதைத் திருப்பிக்கூடச் சொல்லவில்லை.

அவள் பக்கக் கண்ணாடியைப் பார்த்தாள். வந்த வழி. சக்கரத் தடங்கள் இரண்டு, கறுப்பாக, வளைவு வரைக்கும். வேறொன்றுமில்லை. இந்தக் கண்ணாடியில்தானே போன வருடம்...

நீளம். குட்டை. குட்டை.

வளைவின் ஓரத்தில் ஒரு புள்ளி முளைத்தது.

முதலில் அது கல் என்று நினைத்தாள். கல் எழுந்து நின்றது. முதுகில் பை. ஒரு கையில் செருப்பு. ஒரு காலை ஊன்றி, மறு காலை இழுத்து, சாலையில் ஏறி, விழுந்து, எழுந்து, கையை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தது.

அந்தக் கண்ணாடியில் ஓடி வருகிறவர்கள் எப்போதும் சிறுத்துக்கொண்டே போவார்கள். இன்றுதான் ஒருவர் பெரிதாகிக்கொண்டே வந்தார்.

*

முட்டைக்காரம்மாவும் சில்லறையும் ஆளுக்கொரு கை பிடித்து ஏற்றினார்கள். மீசையெல்லாம் பனி. செருப்பின் அடிப்பாகம் பிய்ந்து தொங்கியது. அதைக் கட்டத்தான் பாறை மறைவில் உட்கார்ந்திருக்கிறார். கயிறு கிடைக்கவில்லை, கை விறைத்துவிட்டது, கண் சொருகியிருக்கிறது. அப்போதுதான் தலைக்கு மேலே ஹார்ன்.

அவர் அவளைப் பார்த்தார். பேருந்தைப் பார்த்தார். வந்த வழியைப் பார்த்தார்.

"நீ... எனக்குப் பின்னாலயா வந்த?"

அவள் வாய் திறப்பதற்குள் சில்லறை குறுக்கே வந்து மேலே இருந்த பலகையைத் தட்டினான். "ஓட்டுநரோட பேசக் கூடாது. டிக்கெட்?"

"டேய், நான் உங்க மாமாடா."

"மாமாவுக்குத் தனி டிக்கெட் இல்ல. சில்லறையா குடுங்க."

அவள் முன்பக்கம் திரும்பிக்கொண்டாள். கண்ணைத் துடைப்பதை யாரும் பார்க்கக் கூடாது. "அவர அந்த சீட்ல உக்காரச் சொல்லு" என்றாள் கரகரத்த குரலில்.

எந்த சீட் என்று சில்லறைக்குத் தெரியும். வக்கீல், முட்டைத் தட்டை நெஞ்சோடு அணைத்தபடி, ஒரு அடி ஒரு அடியாக நகர்ந்து பின்னால் போனார்.

கேட்டை அடைந்தபோது நன்றாக மங்கிவிட்டது. கேட்காரர் தடுப்புக் கம்பியின் கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு, பனிமனிதன் போல நின்றிருந்தார். கம்பி தூக்கியபடியே இருந்தது.

"இன்னும் மூடலியா, அண்ணே?"

"நீ வராம எப்படிம்மா மூடறது? என் வாட்ச் நின்னு ரெண்டு வருசம் ஆச்சு. நீ வந்தா நாலு மணி. எனக்குத் தெரிஞ்ச கணக்கு அவ்வளவுதான்." வானத்தைப் பார்த்தார். "என்னவோ இன்னிக்கு நாலு மணி சீக்கிரமா இருட்டுது. ஆமா, மணி நாலுதானே?"



"நாலுதான்ணே" என்றாள்.

கடிகாரம் சொன்ன முதல் பொய் அது. கையெழுத்துப் போட்டுவிட்டு வண்டியை எடுத்தாள். பின்னால் கம்பி இறங்கும் சத்தமும், பூட்டு விழும் சத்தமும் கேட்டன.

*

இறக்கத்தில் பனி குறைந்தது. கண்ணாடியில் அவர் முழு முகமும் தெரிந்தது. பக்கத்தில் இருந்தவர் போர்த்திவிட்ட கம்பளிக்குள், வாயைத் திறந்தபடி, தூங்கிப்போயிருந்தார்.

எத்தனை விஷயம் சேர்த்து வைத்திருந்தாள். கூரை ஒழுகியது. மகள் ஒரு சாண் வளர்ந்துவிட்டாள். இலையுதிர் காலத்தில் ஒருநாள், ஏரி வளைவில், மலை முழுக்க மஞ்சளாக எரிந்தது. வண்டியில் அத்தனை பேர் இருந்தும், 'பாரேன்' என்று சொல்ல ஆளில்லாமல் போனது. எல்லாம் வரிசையாக வந்து நின்றன. பேசக் கூடாது. பேசினாலும் அவர் தூங்குகிறார். அடுத்த வசந்தத்தில் கேட் திறந்ததும் முதல் வண்டியில் இதே ஆளை இதே கண்ணாடியில் பார்த்தபடி அவளேதான் கொண்டுபோய் விட வேண்டும்.

இருக்கட்டும். அது வசந்தத்தின் பாடு.

மர அறுவை மில் வந்தது. அவள் ஹார்ன் அடித்தாள்.

ஒரு நீளம். இரண்டு குட்டை.

தூங்கிக்கொண்டிருந்தவர் சட்டென்று எழுந்து நின்றார். 'டமார்' என்று தலை சாமான் பலகையில் மோதியது. பாதித் தூக்கத்தில், தலையைத் தடவிக்கொண்டு, இரண்டு பக்கமும் தேடினார்.

"தண்ணி... தண்ணி வைக்கணும்..."

"இங்க எங்கய்யா அடுப்பு?" என்றாள் முட்டைக்காரம்மா.

வண்டியே குலுங்கிச் சிரித்தது. வக்கீல்கூட, தட்டை ஆடாமல் பிடித்துக்கொண்டு, தோள் மட்டும் குலுங்கச் சிரித்தார். அவள் சிரித்த சிரிப்பில் வைப்பரைப் போடுவதற்குப் பதிலாக இண்டிகேட்டரைப் போட்டாள்.

வண்டியை விட்டுவிட்டு இருவரும் நடந்தார்கள். அவர் ஒரு காலில் செருப்பும் மறு காலில் சில்லறை கொடுத்த சாக்குமாக. தெரு முனையிலேயே சமையலறை ஜன்னல் தெரிந்தது. ஆவி படிந்து வெளிச்சம் மங்கலாக இருந்தது.

மகள் கதவைத் திறந்தாள். அப்பாவைப் பார்த்தாள். ஓடிவந்து கட்டிக்கொள்வாள் என்று அவர் கையை விரித்தார்.

"உள்ள வாங்க, ஆறிடும்" என்றாள்.

அடுப்பின் இரண்டு பக்கத்திலும் நெருப்பு எரிந்தது. தரையில் இரண்டு பேசின். இரண்டிலும் வெந்நீர். நடுவில் ஸ்டூல்.

அவள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். "அப்பா வர்றார்னு உனக்கு யார் சொன்னா?"

"யாரும் சொல்லல." மகள் ஸ்டூலில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். "ஹார்ன் லேட்டா கேட்டுச்சு."